நான்கு இலக்கம்

இந்த வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது.
நான்கு எண்களை அழுத்த வேண்டும்.
எண் ரகசியமும் இல்லை,
நடக்கிற வருடம்தான்.
இது எந்த வருடம் என்று தெரிந்தவர்கள்
எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம்.

எட்டு அறைகள். எட்டுப் பேர்.
அஸ்டோரியாவில், ஆறு கடலோடு மல்லுக்கட்டும் இடத்துக்கு மேலே
மேட்டில், எப்போதோ ஒரு பல்மருத்துவர் கட்டிய வீடு.
இரவெல்லாம் படகுத்துறையில் கடற்சிங்கங்கள் குரைக்கின்றன.
"யாராவது அந்த நாய்களை உள்ளே விடுங்களேன்" என்கிறாள் பெர்னடீன்.
விட்டாயிற்று என்கிறேன்.
குரைப்பு நிற்பதில்லை.
அவள் என்னைப் பார்க்கிற பார்வைக்கு
நான் அபராதம் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி,
உள்ளே இருப்பவர் யாரென்று அவருக்கே சொல்ல.
டெல்மர் தன் கல்யாணப் படத்தின் முன் நின்று
"இந்த ஆள் எனக்கு நாற்பது டாலர் தரணும்" என்பார்.
பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டால்
குரல் தாழும்:
"அவளுக்கு இவன் போதாது."

லெம்பி முப்பத்தொரு வருடம் சால்மனை டின்னில் அடைத்தவள்.
சாப்பாட்டு மேசையில் துணிகளை மடித்து மடித்து அடுக்குகிறாள்.
எது தலைப்பக்கம், எது வால்பக்கம் என்று
அவளுக்கு மட்டும் தெரியும்.
மாற்றி வைத்தால் மணிக்கட்டில் ஒரு அடி.
நன்றாகவே வலிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற பிள்ளைகள்
அம்மாவின் அறை எதுவென்று என்னிடம் கேட்கிறார்கள்.
போகும்போது கதவின் எண்ணை மட்டும்
ஒருமுறைகூடத் தவறவிடுவதில்லை.

நான், நடைவழியின் இந்த முனையில் கரோல்.
அந்த முனையில் "ஏய், நர்ஸ்."
ஐந்தாம் அறையில் பர்ஸைத் திருடியவள்.
சட்டையில் குத்தியிருக்கும் பெயர் வில்லா.
அதை யாரும் படிப்பதில்லை,
சமயத்தில் நானும்.

ஓர்வோ லாஹ்டி தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்கியவர்.
இரவு மூன்று மணிக்கு எழுந்து வருவார்,
பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டு,
பொத்தான் ஒன்றுகூட மாறாமல்.
ஒன்று, ஒன்பது, ஆறு, இரண்டு.
சிவப்பு விளக்கு.
மறுபடி.
சிவப்பு.
கோபமே வராது அவருக்கு.
சிவப்பு என்றால் கப்பல் போகிறது,
வேலை நடக்கிறது.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நிற்பார்,
தலைக்கு மேலே எதையோ தாங்குகிற முகத்துடன்.

பேச்சை மாற்று, பிஸ்கட் கொடு என்று
பயிற்சியில் சொல்லித்தந்தார்கள்.
ஒரு வாரம் கொடுத்தேன்.
அப்புறம் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.
அவர் உட்காரவில்லை.
நான் உட்கார்ந்தேன்.

டிசம்பர் கடைசி நாள் மாலை
மேலாளர் ஹால்வர்சன் பூட்டின் எண்ணை மாற்றிவிட்டு
என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.
தலையாட்டினேன்.
இரட்டை ஷிஃப்ட். இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு.
பெர்னடீன் முந்தின வாரம் போய்விட்டிருந்தாள்.
அவள் பெட்டியைக் காலிசெய்தவர்கள்
ஆணிகளை அப்படியே விட்டிருந்தார்கள்.
நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தன.

காலை ஆறரை.
கோட்டை மாட்டி, சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கி
நான்கு எண்களை அழுத்தினேன்.
சிவப்பு.
விரல் வழுக்கியிருக்கும் என்று மறுபடி.
சிவப்பு.
விரலுக்குப் பழகிய வருடத்தை
எத்தனை முறை அழுத்தினேனோ.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
என் கார் மழையில் நனைந்துகொண்டிருந்தது.
இது எந்த வருடம் என்று யோசித்தேன்.
நிஜமாகவே யோசித்தேன்.

பின்னால் ரப்பர் செருப்பின் ஓசை.
ஓர்வோ பக்கத்தில் வந்து நின்றார்.
விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பாலத்தின் இந்தப் பக்கம் நின்ற அத்தனை வண்டிகளுக்கும்
சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:
"பெரிய கப்பல். நேரமாகும்.
எஞ்சினை அணைத்து வை."

நாற்காலி ஒன்றுதான் இருந்தது.
அதை என் பக்கம் தள்ளினார்.
டப்பாவைத் தரையில் வைத்தேன்.