பதினொரு மணி வெயில்

முதலில் கண்டுபிடித்தது அஞ்சலாட்சிதான்.
"இஸ்திரி போடுற சட்டைமேல
வெயிலு காசு காசா வுழுது சார்."
போன வருசம்வரை
இந்தத் தூங்குமூஞ்சியடியில் பதினொரு மணிக்கு
அப்படி விழுந்ததில்லை.

புழு என்றேன் நான்.
கடலூர் உப்புக்காற்று என்றார் எதிர்வீட்டுக்காரர்.
ஆளுக்கொரு புயலின் பெயர் சொன்னோம்.

தோட்டக்கலை இதயத்துல்லா
ஒருமுறைதான் அண்ணாந்தார்.
தாழ்ந்த கிளை நுனியை நகத்தால் கீறினார்:
பச்சை இல்லை.
ஒரு கணு உள்ளே, கொஞ்சம்.
பிறகு குந்தி உட்கார்ந்து
அடிமரத்தை நெருக்கிக்கொண்டிருந்த பேவர் கல்லை
தர்பூசணி வாங்குபவர்போலத் தட்டிக் கேட்டார்.
"மேல ஒண்ணுமில்ல. கீழ மூச்சு நிக்குது.
இத யாரு போடச் சொன்னது?"

அஞ்சலாட்சி பெட்டியில் கரியைக் கிளறினாள்.
மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

சாயங்காலம் வில்வநகர் முழுக்க
கடப்பாரை இரவல் கேட்டு அலைந்தேன்.
எல்லோரும் கேட்டார்கள்,
எதுக்கு என்று.