ஒன்று புள்ளி மூன்று ஆறு

மின்விசிறியை நிறுத்தினால்தான்
தராசின் எண்கள் ஓரிடத்தில் நிற்கும்.
நிறுத்தினேன்.
சூளை, மே மாதம், மாலை நாலரை.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
தட்டில் விழுந்தது:
புள்ளி பூஜ்யம் நாலு கிராம்.
என் வியர்வைக்கும் எடை உண்டென்று
இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லை.

கூரியர் டப்பாவுக்குள்
இளம்பரிதியின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு:
'உன்னுடையவை. பதினொன்று. சரிபார்த்துக்கொள்.'
பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் தராசைச் சோதிக்க வேண்டும்.
ஆறு கிராம் என்று அரசாங்கம் சொல்லும்
பழைய ஐந்து ரூபாய்க் காசு,
மருந்துக்கடையில் மீதி வந்தது.
வைத்தேன். ஆறு.
இந்தக் காசை நம்பித் தராசு,
தராசை நம்பி மீசை வைத்த ராஜாக்கள்.

ஃப்ரிட்ஜ் கதவின் மாம்பழக் காந்தத்தைப் பிடுங்க
கேஸ் ரசீது கீழே விழுந்தது.
எந்த ராஜாவும் அசையவில்லை.
செம்பும் ஈயமும்கூட
இப்படித்தான் கண்டுகொள்ளாமல் கிடக்கும்.
ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றால்
நானும் அவனும்
சுத்த வெள்ளி.

வெள்ளியின் மேல் பனிக்கட்டி
சட்டென்று உருகுமாம்.
இந்த ஊரில், இந்த மாதத்தில்
அது எதன் மேலும் சட்டென்றுதான் உருகும்.
துணையாக எவர்சில்வர் தட்டிலும் ஒன்றை வைத்தேன்.
இரண்டும் தண்ணீர்.
துடைத்தேன்.

விரல் நுனியில் ஒரு காசை நிறுத்தி
இன்னொன்றால் தட்டிக் கேட்க வேண்டும்.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ரயில்
போய் முடியும்வரை காத்திருந்தேன்.
ணங்ங்ங்.
அது அடங்குவதற்குள் எண்ணினால் நாலு வரும்.
பத்துக் காசுகள் அப்படிப் பாடின.
ஒன்று மட்டும்
கதவைத் தட்டித் திரும்பிப்போனவர் மாதிரி
டொக்.

அதன் எடையில் குறையில்லை.
பதினொன்று புள்ளி ஆறு.
தம்ளரில் கேன் தண்ணீர்,
தராசைப் பூஜ்யமாக்கி, தையல் நூலில் கட்டி
அடியைத் தொடாமல் இறக்கினேன்.
மற்றவை ஒதுக்கிய தண்ணீர்
ஒன்று புள்ளி ஒன்று மூன்று கிராம்.
இது ஒதுக்கியது
ஒன்று புள்ளி மூன்று ஆறு.
மூன்று முறை இறக்கினேன்.
மூன்று முறையும் அதே.
அத்தனை இடம் வெள்ளிக்குத் தேவையில்லை.
பித்தளைக்கோ அதன் பங்காளிக்கோதான் வேண்டும்.

கைபேசியை எடுத்தேன்.
'ஒன்றை மாற்றி வைத்திருக்கிறாய்'
அனுப்பவில்லை, ஆதாரத்துக்குப் படம் வேண்டும்.
கேமராவைக் காசின் விளிம்புக்குக் கொண்டுபோனேன்.

வரிவரியான விளிம்பில் ஒரு நெளிவு.
நெளிவுக்குள்
துளி பச்சை.

ஜன்னல் கம்பிக்கு நாங்களே அடித்த பச்சை.
பெயிண்ட் டப்பா மூடி திறக்காமல் அடம்பிடித்தபோது
ஸ்பூன் வளைந்துபோக,
பீரோவிலிருந்து ஒரு ராஜாவை எடுத்து
நெம்பியது நான்.
'வெள்ளியால யாராவது டப்பா திறப்பாங்களா'
என்றது அவன்.
திறந்தது.
வெள்ளியாக இருந்திருந்தால்
இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும்.

ஆக இதே காசுதான்.
என் வீட்டிலிருந்து போன காசு.
கல்யாணத்தன்று கனகசபாபதி மாமா
வரிசைத் தட்டில் ஒவ்வொன்றாக
வாய்விட்டு எண்ணி வைத்த பதினொன்றில் ஒன்று.
மாமாவுக்குத் தெரிந்திருக்குமா,
மாமாவிடம் விற்றவருக்கு,
அவரிடம் அடகு வைத்தவருக்கு?
யாரை நூலில் கட்டி எந்தத் தம்ளரில் இறக்குவது.
ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிடுவார்,
கொளத்தூரில் தண்ணீர் வரவில்லை என்பார்,
நானும் லாரிக்குப் பதிந்ததைச் சொல்வேன்.

தராசு தானாக அணைந்தது.
எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.
மின்விசிறியைப் போட்டதும்
கூரியர் சீட்டு மேசையிலிருந்து பறந்து
கேஸ் ரசீதுக்குப் பக்கத்தில் விழுந்தது.

'பதினொன்றும் சரி'
என்று அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
பதில் இல்லை.
பச்சை ஒட்டிய காசின் ஈரத்தைத் துடைத்து
மற்ற பத்தோடு போட்டேன்,
டொக்.