கழுவாத விதை

ஒஸ்லோவிலிருந்து யசோதினி அனுப்பின பெட்டிக்குள்
சொக்கிளேற், சுகர் பாக்கிற மெஷின்,
அடியில இந்தப் பை.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை,
ஒவ்வொண்டுக்கும் ஓரத்தில ஒரு வளையம்.
"சோத்தை விடுங்கோ அத்தான், இதைச் சாப்பிடுங்கோ.
கினோவா."

நான் மல்லாவி மில்லில பதினாலு வருஷம்.
ஒரு நெல்லைப் பல்லில கடிச்சு
ஈரம் எத்தினை வீதம் எண்டு சொல்லுவன்.
கிளினிக் கொப்பியில இருநூத்தி நாப்பத்தெட்டு எழுதி
"அரிசியைக் குறையுங்கோ" எண்டு நேர்ஸ் சொன்ன அண்டு
பின்னேரம் முப்பது மூட்டை சம்பா குத்தினனான்.

இது தானியமில்லையாம்.
புல்லில விளையாதாம்.
ஏதோ கீரைச் செடியின்ரை விதையாம்.
உள்ளங்கையில பரப்பிப் பாத்தன்:
கல்லில்லை, பதரில்லை, ஒரு தும்பு இல்லை.
மில்காரனுக்கு வேற என்ன சாட்சி வேணும்?
அரிக்கன்சட்டியை எடுத்த பூங்கோதையை மறிச்சன்.
"கழுவ என்ன கிடக்கு இதில?"

உலை நுரைச்சுது.
பால் மாதிரிப் பொங்குது, நல்ல சகுனம் எண்டன்.

எட்டரைக்கு முதல் ஏவறை.
ஒன்பதுக்கு வயிறு
நெல்லுப் போடாமல் ஓடவிட்ட ஹலர்.
பத்தரைக்கு நான் வளவுக்குள்ள,
ரோச் லைற்றும் தளத்தின சாரமுமாய்,
கிணத்தடியிலயிருந்து வேலி,
வேலியிலயிருந்து கக்கூஸ்,
திரும்பக் கிணத்தடி.
வேர்க்கொம்பு, ஓமம், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி.
பூங்கோதை ஒவ்வொண்டாய்க் கொண்டுவாறாள்,
சிரிக்காமல் இருக்கப் பாடுபடுறாள்.
நாலாவது குவளையில அவளுக்கு முடியேல்லை.

இதே வயிறுதான்.
மாத்தளனில ஒரு சுண்டு அரிசியைப்
பதினொரு பேர் கரைச்சுக் குடிச்ச நாளில
கடல் மண் பல்லில நறநறத்து
உள்ளுக்குப் போச்சுது.
போனது போனதுதான்.
ஒரு முறைப்பாடு இல்லை.
இதுக்குப் பேசத் தெரியாது எண்டு
அப்ப நினைச்சன்.
இப்ப அரைக் கோப்பை விதைக்கு
ராத்திரி முழுக்க வழக்காடுது.
எனக்குக் கோவம் வரேல்லை.
குத்துற இடத்தில கையை வைச்சு
பேசு, பேசு எண்டன்.

பதினொண்டுக்கு பூங்கோதை தங்கச்சிக்கு எடுத்தாள்.
போனில அங்க இன்னும் வெயில்.
"கழுவினவரோ அக்கா?"
நான் வானத்தைப் பாத்தன்.
"பையில பின்பக்கம் எழுதிக் கிடக்கே!"
எழுதித்தான் கிடந்தது, நோர்வேப் பாஷையில.
அதின்ரை தோலில ஒரு கசப்பாம்,
சவர்க்காரம் மாதிரி நுரைக்குமாம்.
குருவி தின்னக்கூடாது எண்டு
விதை தானே பூசி வைச்சிருக்குமாம்.

நெல்லுக்கு உமி.
உழுந்துக்குக் கோது.
இதுக்கு நுரை.
உரிச்சதைக் கடைக்கும்
உமியைச் செங்கல் சூளைக்கும் ஏத்துறவன் நான்.
ஒரு விதை திருப்பி அடிச்சது
இதுதான் முதல் தரம்.

ரெண்டு மணிபோல ஒரு பெரிய காத்துப் பிரிஞ்சுது.
பக்கத்து வளவு நாய் குலைச்சுது.
உலகம் கொஞ்சம் அகலமானது.

விடிய ஒரு பிடியைக் கோழிக்கு வீசினன்.
சேவல் ஓடி வந்து ஒண்டு கொத்திச்சுது.
தலையைச் சரிச்சு என்னைப் பாத்துது.
பெட்டையள் வரவே இல்லை.

மில்லுக்குப் போக முதல்
அரிக்கன்சட்டியில இன்னொரு பிடி.
ஒரு தண்ணி, நுரை.
ரெண்டாம் தண்ணி, நுரை.
சட்டியின்ரை வரிகளில விதையள் சுத்திச் சுத்தி வர
ஐஞ்சாம் தண்ணி தெளிஞ்சு
என்ரை முகம் தெரிஞ்சுது,
நித்திரையில்லாத முகம்.

பூங்கோதை குசினி வாசலில நிண்டு
"இண்டைக்குமோ?" எண்டாள்.
நான் வாய் திறக்க முதல்
வயிறு மறுமொழி சொல்லிச்சுது.