பிள்ளை தேய்ந்த அந்தோனியார்

செட்டியார் தெருவில் கரண்ட் போயிருந்த பத்தரை மணி.
மொடஸ்தா அக்கா கழுத்திலிருந்து கழற்றிக்
கண்ணாடி மேசையில் வைத்தபோது
காசு இன்னும் சூடாயிருந்தது.

"கொச்சிக்கடை அந்தோனியார், தம்பி.
கையில இருந்த பிள்ளை
தடவித் தடவித் தேஞ்சு போச்சு."

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினேன்.
பிள்ளை இருந்ததே இல்லை.
ஒட்டக மயிராடை, நெடிய சிலுவைக்கோல்:
ஸ்நாபக அருளப்பர்.
மறுபக்கம் ஏதோ ஒரு டியூக்கின் சிங்கம்.
விளிம்பில் பாதிப் பாதியாய் லத்தீன்,
மீதியைக் கத்தரி தின்றிருக்கிறது.

முதலாளியின் மகன் போனில் தேடினான்.
கெல்டர் என்றொரு சீமை,
ஐந்நூறு வருஷத்துக்கு மேல்.
"ஓட்டை போட்டு வளையம் ஒட்டியிருக்கு.
சேகரிக்கிறவன் தொடமாட்டான்.
பொன்விலைதான்."

சிங்கத்துக்கு இரண்டு மூக்கு.
முதல் அடியில் தகடு துள்ளியிருக்கும்,
நகர்ந்ததைப் பார்க்காமல்
மறுபடி சுத்தியலை ஓங்கியிருக்கிறான் ஒருவன்.
பசியோ,
பக்கத்தில் எவனாவது பேச்சுக் கொடுத்தானோ.
டியூக்கின் பெயரை வாசிக்க முடியவில்லை;
அவன் கை பிசகியது
அச்சொட்டாய் அப்படியே இருக்கிறது.

உரைத்தேன்.
கருங்கல்லில் வெளிறிய மஞ்சள்,
அமிலத் துளியில் பாதி மங்கியது.
பதினெட்டரை கரட். அரைப் பவுனுக்கும் குறைவு.

"அவ்வளவுதானா?"

மகன் ருமேனியாவுக்குப் போகிறானாம்,
கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை.
ஏஜென்சிக்கு இன்னும் எழுபதாயிரம் குறைகிறது.
"அங்க சரியான குளிராம்.
அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்."

சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
கல்குலேட்டரில் எண்ணைத் தட்டினேன்.

ஐம்பத்தோராயிரம்.
இரண்டு தரம் எண்ணிச் சட்டைக்குள் செருகினாள்.
படியிறங்கும்போது
வெறுங்கழுத்தைத் தடவினாள்,
தேய்ந்த பிள்ளையைத் தேடுவதுபோல.

மூன்று மணிக்கு மூசை.
முதலில் வளையம் சாய்ந்தது,
பிறகு கோல், பிறகு இரண்டு மூக்கும்.
எல்லாரும் சேர்ந்து ஒரு துளி.

கல்லில் மட்டும் அரை அங்குலம் டியூக்,
அல்லது அருளப்பர், அல்லது அந்தோனியார்,
யார் யாரோ தாலிக்கொடிகளும் தோடுகளும்
இழுத்துவிட்டுப் போன கோடுகளுக்கு நடுவே.

கடை பூட்டும்போது எண்ணெய் பூசித் துடைக்கவேண்டும்.
அதற்குள் ஒரு பெண் வளையலை நீட்டினாள்.
கொஞ்சம் தள்ளி உரைத்தேன்.