முந்நூற்றெண்பது ரூபா

இரண்டு மணிக்குப் பிறகு வரட்டாம்.
காணிக்கிளையில் கையெழுத்து வைக்கிறவர்
கூட்டத்துக்குப் போய்விட்டார்.
இப்போது ஒன்பதே கால்.

கையில் எழுநூறு.
நெடுங்கேணி பஸ்ஸுக்கும் அங்கிருந்து ஓட்டோப் பங்குக்கும்
இருநூற்று அறுபதைக் கைக்குட்டையில் முடிந்து
பையின் அடியில் தள்ளினேன்.
போட்டோக்கொப்பிக்கு அறுபது.
மிச்சம் முந்நூற்றெண்பது.
அதோடு வவுனியாவில்
நாலே முக்கால் மணித்தியாலம்.

கச்சேரி மதிலோரம் கமலேஸ் கஞ்சி விற்கிறாள்.
முருங்கையிலை, முடக்கொத்தான், கொஞ்சம் பயறு.
பச்சை வாளி, பச்சைக் கஞ்சி.
எது எதிலிருந்து நிறம் எடுத்தது என்று கேட்டேன்.
'எண்பது ரூபா அக்கா, குடிச்சிட்டுச் சொல்லுங்கோ.'
குடித்தேன்.
வாளி இல்லை என்று சொன்னேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட
முத்துராக்குவின் எண்ணெய்த் தாச்சி.
'நான் பொறந்தது செட்டிகுளந்தாங்க,
வடைக்குத்தான் ஊரு அட்டன்.'
இரண்டு நூறு.
யாரோ பிள்ளையின் கணக்குத்தாளில் சுற்றித் தந்தாள்.
முப்பத்தெட்டுப் புள்ளி, சிவப்பு வட்டத்துக்குள்.
எண்ணெய் ஊறி மறைவதற்குள்
ஐந்தாம் கணக்கைச் செய்து பார்த்தேன்.
எனக்கும் விடை வரவில்லை.

ஹொறவப்பொத்தானை வீதியில்
ஹயாத்து நானாவின் கண்ணாடிப் பெட்டி.
வட்டிலப்பம், கப் நூற்றிருபது.
பெட்டியைப் பார்த்தேன். வீதியைப் பார்த்தேன்.
'பாதிக் கப் இருக்கா நானா?'
அப்படியொன்று உலகத்தில் இல்லை.
யோசித்தார்.
கரண்டி விளிம்பால் நடுவே ஒரு கோடு கீறினார்.
'இப்ப இருக்கி.'
கோடு வரைக்கும் சாப்பிட்டேன்:
கித்துள், ஏலம், தேங்காய்ப்பால்.
முந்திரிப்பருப்பு அந்தப் பக்கம் கிடந்தது.
நான் அதைப் பார்த்ததை
அவர் பார்க்கவில்லை என்றே
இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

நூற்றுநாற்பதோடு ஸ்டேஷன் வீதிக்கு வந்தால்
திலகசிறியின் தேங்காய்ப்பூ ரொட்டி, ஐம்பது.
'எங்க ஊர்?'
'நெடுங்கேணிப் பக்கம்.'
தெரியாதவர்களுக்குச் சொல்கிற பதில் அது.
'நெடுங்கேணில எங்க?'
'தேத்தாமரக்குளம்.'
'ஆ... குளக்கட்டில பெரிய மருது.
அங்கால விளாத்திமோட்டை.
கோயில் கிணத்துத் தண்ணி, கொஞ்சம் உப்பு.'

எங்கள் ஊருக்கு பஸ் வந்ததே
ஏழெட்டு வருஷத்துக்கு முதல்தான்.
காதோரம் நரைத்திருந்தது அவருக்கு.
அப்போது இருபது வயதிருக்கும்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
கல்லில் ரொட்டி இருந்தது, அதைத் திருப்பினார்.
பிறகு மறுபடியும் திருப்பினார்,
திருப்பத் தேவையில்லாததை.
'மரம் இருக்கா?'
'இல்லை.'

லுணுமிரிஸ் வைத்தார். கூடத்தான் வைத்தார்.
நூறு கொடுத்தேன், ஐம்பது தந்தார்.
ஒரேயொரு தாள்.
அதையும் எண்ணிப் பார்த்தேன்.

நல்ல ரொட்டி.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.
விளிம்பு கருகி, நடு மெத்தென்று,
தேங்காய்ப்பூ பல்லிடுக்கில் நின்று
பின்நேரம் வரைக்கும் இனித்தது.

பிளேன்ரீ நாற்பது, பஸ் நிலையத்தில்.
சீனி கையில் தந்தார்கள்,
நக்கி நக்கிக் குடித்தேன்.

இரண்டு மணி. இரண்டரை. மூன்று பத்து.
கையெழுத்து வைக்கிறவர் இன்றைக்கு வரமாட்டார்.
புதன்கிழமை வரட்டாம்.

வழமையாக இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும்.
புளியங்குளம் தாண்டியும் வரவில்லை.
புதனுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
கொத்துக்கடை ஆறு மணிக்குத்தான் திறக்கும், சரிவராது.
நானாவிடம் கோட்டைக் கொஞ்சம்
தள்ளிக் கீறச் சொல்ல வேண்டும்.
ஸ்டேஷன் வீதிக்குப் போவேனா, தெரியாது.

கொண்டக்டர் வந்தார்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன்.
மிஞ்சிய ஐம்பதை அதோடு சேர்த்து முடியவில்லை.
அது பையின் மற்றப் பக்கத்தில்,
தனியாக,
நாலாய் மடித்தபடி.