ஏழு விழுக்காடு

ஆகஸ்ட். ஹாக்ஸ் பேயில்
வேலிக் கம்பி முழுக்க உறைபனி.
கொட்டகைக்குள் ஒரு மடக்கு மேசை,
பதினொரு கண்ணாடிக் கோப்பைகள், ஓர் அளவுக் குழாய்,
துப்புவதற்கு நீல வாளி.
எழுதுவது என் வேலை.
சுவைப்பது யெல்காவின் வேலை.
குறை சொல்வது எருவேராவின் வேலை,
சம்பளத்தில் அது சேர்த்தியில்லை.

முதல் கோப்பையில்
கேபர்நே அறுபது, மெர்லோ முப்பது,
மிச்சம் கேபர்நே பிரான்.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.
விளிம்பில் ஊதா.
நடுவில் கீழே விரித்த செய்தித்தாளின்
தலைப்பு எழுத்தும் தெரியாத இருட்டு.
கிணற்றுக்குள் குனிந்து
யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் மாதிரி
மூக்கை உள்ளே விட்டாள்.
உறிஞ்சினாள். கன்னத்துக்குள் காற்று கொப்பளித்தது.
துப்பினாள்.

"நல்லாத்தான் இருக்கு."
இந்தக் கொட்டகையில் அதற்கு
வேலைக்கு ஆகாது என்று பொருள்.

எழுதினேன்:
நுனி நாக்கில் கருப்புப் பழங்கள், சீவிய பென்சில்.
அடி நாக்கில் துவர்ப்பு,
வந்தவரை உட்காரச் சொல்லாமல்
கதவைச் சாத்துகிற துவர்ப்பு.
நடுவில் யாரும் இல்லை.

இரண்டு, மூன்று, நான்கு.
விகிதம் மாறுகிறது, காலி அறை மாறவில்லை.

மெர்லோவைச் சொல்லிக் குற்றமில்லை.
நவம்பரில் அதுதான் முந்திப் பூத்தது,
ஆலங்கட்டி வந்தபோது
அதுதான் வெளியே நின்றது.
ஒன்பது நிமிஷம்.
மறுபடி பூத்துக் காய்த்ததெல்லாம்
பச்சைக் காம்பு ருசியோடு தாமதமாக வந்து சேர்ந்தது.
சாலைக்கு அந்தப்பக்கம், டன்னட் தோட்டத்தில்,
ஓர் இலை கிழியவில்லை.
"ஆலங்கட்டிக்கும் வேலி தெரிஞ்சிருக்கு" என்றான் எருவேரா.
யெல்கா சிரிக்கவில்லை.
எல்லையில் நின்ற பாப்ளர் மரங்களை
டன்னட் வெட்டிச் சாய்த்து ஐந்து வருஷம்.
பேச்சு நின்றும் ஐந்து வருஷம்.
அவள் வாயில் அவருக்குப் பேர் கிடையாது.
அந்த ஆள், அவ்வளவுதான்.

எட்டாவது கோப்பையையும் வாளி குடித்தது.
மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம்.
பல்லெல்லாம் நீலமாக
மூன்று பேரும் பள்ளியில் மை குடித்த பிள்ளைகள் போலிருந்தோம்.

ஒன்பதாவதை எருவேரா ஊற்றினான்,
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
அவன் கால் பக்கத்தில்
லெமனேட் பாட்டில் ஒன்று நின்றது.
அதில் இருந்தது லெமனேட் இல்லை.

யெல்கா முகர்ந்தாள்.
கோப்பையை இறக்கினாள். மறுபடி முகர்ந்தாள்.
வாயில் வைத்தாள்.
வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன், அவளுக்கு வாகாக.
வாளி சும்மா நின்றது.
அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"மால்பெக். நம்மகிட்ட மால்பெக் இல்ல."
எருவேரா சன்னலைப் பார்த்தான்.
சன்னலில் சாலை. சாலைக்கு அப்பால் ஒரே ஒரு வீடு.

திட்டுவாள் என்று பென்சிலைக் கீழே வைத்தேன்.
"ஆறு போடு" என்றாள். ஆறில் இன்னும் அறை காலி.
"எட்டு." எட்டில்
அந்த ஆள் கத்துவது கேட்கிறது என்றாள்.
ஏழு.
ஏழில் யார் பேசுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை.
பேச்சு மட்டும் போய்க்கொண்டே இருந்தது,
விழுங்கிய பிறகும், நான் சுவரில் கடிகாரம் பார்த்தேன்,
முழுசாக ஒரு நிமிஷம்.

"எவ்வளவு கேக்கறான்?"
"விலைய நீயே வந்து சொல்லணுமாம்."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

கோப்பைகளைக் கழுவ என்னை விட்டார்கள்.
ஒன்பதில் ஒரு வாய் மீதியிருந்தது.
ஆறு எப்போதோ விட்டுப்போன கூழாங்கல் மேல்தான்
எங்கள் கொடியும் அவர் கொடியும்.
வெயில் போன பிறகும் அந்தக் கல்லில் கையை வைத்தால்
உள்ளே கொஞ்சம் சூடு இருக்கும்.
அது இதில் இருந்தது.
வேறென்னவோவும் இருந்தது, குறிப்பேட்டில் அதற்கு
நான் இடம் விட்டிருக்கிறேன்.

வாசலில் அவள் வண்டி.
வலப்பக்க விளக்கு மினுங்குகிறது.
டன்னட் வீடு வலப்பக்கம்தான்.
சாலையில் வேறு வண்டி எதுவும் இல்லை.
இன்னும் திரும்பவில்லை.