பாதி விலை

வக்கீல் கேட்டது சின்னக் கேள்வி:
வண்டி என்ன பெறும்?
நான் செலவைச் சொல்லத் தொடங்கினேன்.
நாற்பத்துநான்கு அங்குல டயர் நான்கு,
அவை திரும்ப இடம் வேண்டி
வாள் வைத்து அறுத்த மட்கார்டுகள்,
இருபது சென்டிமீட்டர் தூக்கிய உடம்பு,
ஏறுவதற்கு ஒரு படி,
அந்தப் படியில் ஏற இன்னொரு படி,
கடல் தாண்டி வரவழைத்த வின்ச்
(சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்).
அவர் பேனாவை மூடினார்.
போட்டதைக் கேட்கவில்லை,
எடுக்க முடிந்ததைக் கேட்டேன்.

ஆக்குரேரியில் பழைய வண்டி விற்கும் கடை.
காதில் பென்சில் செருகிய பையன்
சுற்றி வந்தான், குனிந்தான்,
ஒருமுறை விசிலடித்தான்.
அந்த விசிலை விலை என்று நம்பிவிட்டேன்.
"கம்பெனி கொடுத்தபடியே விட்டிருந்தால்
முப்பத்தைந்து லட்சம் குரோனா.
இப்படியே என்றால் இருபத்தொன்று."
ஆக, ஏழு குளிர்காலம் நான் கூட்டியதெல்லாம்
கழித்தல்.
"பிரித்து விற்றால் நாற்பது வரும்" என்றான்,
ஆறுதல்போல.
உயிரோடு இருப்பதைவிடக்
கூறுபோட்டால் கூடுதல் பொன்.

உண்மையில் நான் மகிழ்ந்திருக்க வேண்டும்.
விலை இறங்க இறங்க
ஹல்பேராவுக்கு எண்ணிவைக்க வேண்டிய பாதியும் இறங்கும்.
பிரிகிறவனுக்கு இதைவிட நல்ல சேதி ஏது?
ஆனால் கத்தினேன்.
இருபத்தொன்றா?
மூன்று பவுண்டு காற்றோடு
வாட்னா பனியாற்றின் முதுகில்
பூனைபோல நடந்த வண்டி இது.
ஆற்றில் கதவு நனையப் போய்
அக்கரையில் ஏறி உதறிக்கொண்ட வண்டி.
கடையில் கத்தினேன், வக்கீல் அறையிலும்.
என் பணத்தையே அவளுக்குக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி
வழக்காடிய முட்டாள்
இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

மதிப்பீட்டுக் கடிதம் அவளுக்கும் போயிருந்தது.
மாலையில் போன் அடித்தாள்.
"இருபத்தொன்று என்று போட்டிருக்கிறதே,
பின் ஆக்சிலைப் பார்த்தார்களா?"
அது அவள் வைத்த வெல்டிங்.
கராஜ் கதவு உறைந்து திறக்காத பிப்ரவரியில்
மல்லாந்து படுத்தபடி வைத்தது.
அன்று தெறித்த பொறி ஒன்று
அவள் கழுத்தடியில் இன்னும்
மிளகளவு கறுத்திருக்கும்.
பார்க்கவில்லை என்றேன்.
"கழுதைகள்."
வெகுநாள் கழித்து இருவரும்
ஒரே பக்கம் நின்றோம், இரண்டு நிமிடம்.
பிறகு சொன்னாள்:
"சரி, பாதி பத்தரை. அனுப்பிவிடு."

ஞாயிறன்று மீவாட்ன் ஏரிப் பக்கமிருந்து
எய்விந்தர் வந்தார். பண்ணைக்காரர், பெரிய காது.
டயரைப் பார்க்கவில்லை.
வின்ச்சைத் தொடவில்லை.
கியர் விகிதத்தை நான் விளக்கியபோது
அடிவானத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் நின்றார்.
கேட்டது ஒன்றுதான்:
ஹீட்டர் வேலை செய்யுமா?

அந்த வண்டியில் நான் கைவைக்காதது
அது ஒன்றுதான்.
திருகினேன். இரண்டு தரம் இருமிவிட்டு
எரிந்த தூசி வாசனையோடு சூடு வந்தது.
கையுறையைக் கழற்றி
விரல்களை விரித்து
நெடுநேரம் அதன் முன் வைத்திருந்தார்.
"இருபத்துமூன்று தருகிறேன்" என்றார்.
பேரம் பேச வாயெடுத்தேன்.
கதவு மூடியிருந்தது. உள்ளே கதகதப்பு.
பேசவில்லை.

அன்றிரவே பதினொன்றரை அனுப்பினேன்.
எதற்காக என்று வங்கி கேட்ட கட்டத்தில்
"பின் ஆக்சில்" என்று எழுதினேன்.
பதில் வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது.

கம்பெனி கொடுத்த நான்கு சக்கரங்கள் மட்டும்
ஷெட்டில் கிடக்கின்றன.
ரப்பர் மயிர்கூட உதிராதவை,
கடையிலிருந்து என் வீடு வரை
ஒரேயொரு முறை உருண்டவை.
யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.
விலை பேசிக்கொள்ளலாம்.